விலங்கு அறவியல் படிக்கும் மாணவரின் பார்வை எப்படி மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் தத்துவம், விலங்கியல், சமூகப்பணி, சட்டம், கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், இந்தப் பாடத்தை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்ட கேள்வி பதில் இது. வாடிவாசலும் கட்டுத்தறியும் கிடாவெட்டும் அன்றாடமாக உள்ள ஊரில் இந்தப் பாடம் வெறும் ஏட்டுப் படிப்பாக நின்றுவிடாது. அதனால் உள்ளூர்க் கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

விலங்கு அறவியல் என்றால் பிராணிகள் மேல் பாசம் வைக்கச் சொல்லித்தரும் பாடமா?

இல்லை. பாசம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் படிக்கலாம். ஒரு மாட்டையோ கோழியையோ இப்படி நடத்துவதற்கு நாம் சொல்லும் காரணம் செல்லுமா என்று சோதிப்பதுதான் பாடம். தெருநாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுகிறவரும் இதில் திணறுவார். நாய்க்கு ஒரு நியாயம், கூண்டுக் கோழிக்கு ஒரு நியாயம் ஏன் என்று கேட்டால் அவரும் பதில் சொல்லியாக வேண்டும். நாயைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர் இந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கலாம்.

பாடத்தில் என்னென்ன வரும்?

நான்கு தத்துவவாதிகளின் வாதங்கள் அடித்தளம். ஜெரமி பெந்தம் 1789-இல் கேட்டது: விலங்கு பேசுமா, சிந்திக்குமா என்பதல்ல, துன்பப்படுமா என்பதே கேள்வி. பீட்டர் சிங்கர் 1975-இல் அதை விரித்தார்: ஒரே அளவு துன்பம் என்றால், அது எந்த இனத்தின் துன்பமாக இருந்தாலும் ஒரே அளவு கணக்கில் வர வேண்டும். டாம் ரீகன் 1983-இல் அந்தக் கணக்குப் போடும் முறையையே மறுத்தார். தன் வாழ்க்கை தனக்குப் பொருட்டாக இருக்கும் ஓர் உயிரை, எவ்வளவு லாபம் வந்தாலும், வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்றார். மார்த்தா நுஸ்பாம், ஒவ்வொரு உயிரும் தன் இயல்புப்படி வாழ வாய்ப்புப் பெற்றதா என்று பார்க்கச் சொல்கிறார்.

கூடவே சட்டம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதன் தொடக்கம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நடனக் கலைஞராக அவரை அறிந்தவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. மதுரை மாணவர்களாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பாடம் படிப்பதால் உண்மையிலேயே நடத்தை மாறுமா? அல்லது தேர்வோடு போய்விடுமா?

பல அறவியல் வகுப்புகள் தேர்வோடு போய்விடுகின்றன என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் இந்தப் பாடத்துக்கு ஒரு நேரடிச் சோதனை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் தத்துவ வகுப்பு மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இறைச்சி உண்பதன் அறம் பற்றியும் மறுபாதிக்கு நன்கொடை பற்றியும் பாடம் நடத்தினார்கள். பிறகு வளாக உணவகத்தில் அவர்கள் வாங்கிய உணவின் ரசீதுகளைப் பார்த்தார்கள். முதல் குழுவில் இறைச்சி உள்ள கொள்முதல் 52 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்தது, மற்றக் குழுவில் மாறவில்லை. முடிவுகள் 2020-இல் வெளியாயின.

ஏழு புள்ளி வித்தியாசம்தான். தலைகீழ் மாற்றமில்லை. ஆனால் வாயால் சொன்னதை வைத்து அளக்காமல் பில்லை வைத்து அளந்ததால் அதற்கு மதிப்பு அதிகம்.

முதலில் மாறுவது எது?

பார்க்கும் விதம். கொள்கை மாறுவதெல்லாம் பிறகுதான். தினமும் கடந்து போகும் கட்டுத்தறியில் அதுவரை கண்ணில் படாதது படும். இதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் பயிற்சி கட்டிப்போட்ட ஒரு மாட்டை அரை மணி நேரம் கவனிப்பது. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ எந்த ஊரிலும் செய்யலாம்.

மாட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். மாட்டுக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி, அது கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் எதையும் எழுத வேண்டாம், மாடு உங்களுக்குப் பழகட்டும். பிறகு அரை மணி நேரத்துக்கு, நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த நொடியில் மாடு செய்வதை மட்டும் குறியுங்கள்: தின்கிறது, அசைபோடுகிறது, படுத்திருக்கிறது, சும்மா நிற்கிறது, மற்றவை. நாக்கைச் சுழற்றிக்கொண்டே இருப்பது, கம்பத்தை ஓயாமல் நக்குவது போன்றவை ‘மற்றவை’யில் வரும். முப்பது குறிப்புகள் சேரும். அடுத்து டேப்பை எடுத்துக் கயிற்றின் நீளத்தை அளக்க வேண்டும். மாடு படுத்தபடி தலையை விலாப் பக்கம் திருப்பி வைக்கக் கயிறு இடம் தருகிறதா? தண்ணீர்த் தொட்டி எட்டுகிறதா? தரை சாய்வாக வடிகிறதா, சாணியும் மூத்திரமும் தேங்குகிறதா? முன்னங்கால் முட்டியில் வீக்கம் உண்டா?

நிழலைக் கட்டாயம் பாருங்கள். காலையில் மாட்டைக் கட்டும்போது வேப்பமர நிழல் முளைக்குச்சியின் மேல் இருக்கும். மூன்று மணிக்கு நிழல் கிழக்கே போய்விடும், கயிறு மட்டும் அதே இடத்தில் இருக்கும். சித்திரை வெயிலில் மாடு நான்கு மணி நேரம் காய்வதற்குக் காரணம் யாருடைய கல்நெஞ்சமும் அல்ல, ஒரு முளைக்குச்சி.

கடைசியாக மாட்டுக்காரரிடம் பேச வேண்டும். “கயிறு ஏன் இவ்வளவு குட்டையா இருக்குண்ணே?” என்று கேட்டால், நீளமாக விட்டால் பக்கத்து வயலில் வாய் வைத்துத் தகராறு வரும் என்பார், அல்லது பக்கத்திலேயே ரோடு என்பார். இரண்டும் உண்மையான காரணங்கள். அப்போதுதான் ‘கொடுமை’ என்று எழுதிவிட்டு நகர முடியாது என்பது மாணவருக்கு உறைக்கும். மரத்துக்குக் கிழக்கே இன்னொரு முளை அடித்து மதியத்துக்கு மேல் மாற்றிக் கட்டினால் போதும் என்ற தீர்வும் அங்கேயே பிறக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ‘மாடு சோகமாக இருந்தது’ என்று எழுதிவிடுவார்கள். அது முடிவு, கவனிப்பு அல்ல. ‘தலை தாழ்ந்திருந்தது, காது பின்னால் சாய்ந்திருந்தது, முப்பதில் பெரும்பாலான குறிப்புகளில் அசைபோடவில்லை’ என்று எழுதினால்தான் அடுத்தவர் வந்து சரிபார்க்க முடியும்.

எதை வைத்து ஒரு விலங்கின் நிலையை மதிப்பிடுவது?

தொடக்கநிலையில் ஐந்து சுதந்திரங்கள் போதும்: பசி தாகத்திலிருந்து, அசௌகரியத்திலிருந்து, வலி-காயம்-நோயிலிருந்து, அச்சம்-உளைச்சலிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு இடம். பிரிட்டனில் 1965-இல் பண்ணை விலங்குகள் பற்றி வெளியான பிராம்பெல் குழு அறிக்கையில் முளைத்து, 1979-இல் இந்த ஐந்தாக வடிவம் பெற்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் இவற்றைச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தது. மாணவர்கள் முதல் மூன்றை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். இயல்பான நடத்தைதான் கண்ணுக்குத் தப்பும். நன்றாகத் தின்று கொழுத்து, காயமில்லாமல், ஆனால் வாழ்நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் விலங்கை ‘நல்லா இருக்கு’ என்று எழுதிவிடுவார்கள்.

படித்தால் கறி சாப்பிடுவதை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. எந்த ஒழுங்கான பாடமும் அதை நிபந்தனையாக வைக்காது, மதிப்பெண்ணும் அதற்கில்லை. சிலர் விடுகிறார்கள், சிலர் குறைக்கிறார்கள், சிலர் எங்கிருந்து வாங்குவது என்பதை மாற்றுகிறார்கள். சிலர் மாறாமலேயே தங்கள் காரணத்தைத் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள்.

‘நான் கொல்லவில்லையே, கடையில்தானே வாங்குகிறேன்’ என்ற வாதத்தை வகுப்பில் எடுக்கும்போது அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டாம். குறள் 256 அதற்கே எழுதப்பட்டது: ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.’ வாங்குகிறவர் இல்லையென்றால் விற்பவர் இல்லை. இதை எதிர்ப்பவர் எப்படி எதிர்ப்பார்? ‘நான் ஒருவன் கால் கிலோ வாங்காவிட்டால் ஒரு கோழிகூடக் குறையாது’ என்பார். நல்ல எதிர்வாதம். அதற்கு விடை தேடப் போனால் சந்தை எந்த அளவில் ஆர்டர் எடுக்கிறது என்ற கணக்குக்குள் போக வேண்டியிருக்கும். வகுப்பு இப்படித்தான் சூடு பிடிக்கிறது.

ஓர் எச்சரிக்கை, இதை அழுத்தமாகவே சொல்கிறோம். நம் ஊரில் சைவம் என்பது சாதிப் படிநிலையோடு ஒட்டிக்கொண்டது. கறி சாப்பிடுகிறவர் தாழ்ந்தவர், அந்தத் தெருவில் வாடை வரும், அந்தப் பிள்ளைக்கு வீடு கிடையாது என்ற பேச்சை இன்றும் மாணவர்கள் அனுபவிக்கிறார்கள். விலங்கு அறவியல் கேட்பது விலங்கின் துன்பத்தை. தீட்டு வேறு கேள்வி, அது விலங்கைப் பற்றியதே அல்ல. இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே பிரித்துவிடாத ஆசிரியர், தெரியாமலேயே ஒரு பாதி வகுப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். துன்பக் கணக்கைப் போட்டால் பாலும் முட்டையும் பட்டும் தோலும் அதில் வரும். பரம்பரைச் சைவருக்கும் அதே அளவு வீட்டுப்பாடம் காத்திருக்கிறது.

முட்டையிலும் பாலிலும் என்ன பிரச்சினை இருக்க முடியும்?

வகுப்பறைத் தரையில் ஒரு ஏ4 தாளை வையுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 624 சதுர சென்டிமீட்டர். 2023-இல் அறிவிக்கப்பட்ட முட்டைக்கோழி விதிகள் கூண்டில் ஒரு கோழிக்குக் கேட்கும் குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். அதாவது தாளின் நீளப் பக்கத்தில் மூன்றரை சென்டிமீட்டரைக் கத்தரித்துவிட்டால் மீதி இருப்பது ஒரு கோழியின் இடம். இதுவே முன்பிருந்ததைவிட மேம்பட்ட அளவு. இப்போது 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படியுங்கள்: நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால், சட்டமும் விதியும் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்கும் இடத்தை மாணவரே கண்டுபிடிப்பார்.

பாலில் முதல் கேள்வி கன்று. பிறந்த கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளிலேயே போக வேண்டும். அதில் முதல் பகுதி, பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நோய் எதிர்ப்பாற்றல் தாயின் கருப்பை வழியாகக் கன்றுக்கு வருவதில்லை, சீம்பால் வழியாகத்தான் வருகிறது. நேரம் போகப் போகக் கன்றின் குடல் அதை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். ‘நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்’ என்று காத்திருப்பதால்தான் பல கன்றுகள் கழிச்சலில் போகின்றன. இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது: பால் தராத காளைக்கன்று எங்கே போகிறது? இதற்குப் பால்காரரைக் குற்றவாளியாக்காமல் விடை தேடுவதுதான் பயிற்சி.

ஜல்லிக்கட்டைப் பற்றி மதுரை வகுப்பில் பேசினால் சண்டை வராதா?

வரும். பேசாமல் விட்டால் பாடமே பொய்யாகிவிடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதைத் தவிர்த்துவிட்டு எங்கோ நடக்கும் காளைச் சண்டையைப் பேசுவது நேர்மையல்ல. 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் கூடிய கூட்டம் எதற்குக் கூடியது என்பதையும் மதிப்போடு பேச வேண்டும்.

இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. கண்ணியத்தோடு வாழ விலங்குக்கும் உரிமை உண்டு என்ற திசையில் அது போனது. தமிழ்நாடு 2017-இல் 1960 சட்டத்தைத் திருத்தி அதை மீண்டும் அனுமதித்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. பண்பாடா இல்லையா என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும், திருத்தமும் விதிகளும் விலங்கின் வலியைப் பெருமளவு குறைக்கின்றன, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. இரண்டு தீர்ப்பும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று மாணவர் ஒரே வரியில் எழுத வேண்டும். இது கடினம், எளிதில் வராது.

அடுத்து, எதிர்த்தரப்பின் வாதத்தை எழுத வைக்க வேண்டும். ஆதரிப்பவர் எதிர்ப்பவருக்காக: காளை இந்த விளையாட்டுக்குச் சம்மதிக்கவில்லை, ஓடுவதும் பாய்வதும் அச்சத்தின் நடத்தை, மாடுபிடி வீரரும் பார்வையாளரும்கூடச் சாகிறார்கள். எதிர்ப்பவர் ஆதரிப்பவருக்காக: புலிக்குளம் போன்ற நாட்டு இனத்தில் காளைக்கன்றை வைத்து வளர்க்க இன்று மிஞ்சியிருக்கும் பெரிய காரணம் இதுதான், டிராக்டர் வந்தபின் உழவுக்குத் தேவையில்லை, இதுவும் போனால் கன்று சந்தைக்குப் போகும். ‘ஆமா, நான் சொல்ல நினைச்சது இதுதான்’ என்று எதிர்த்தரப்பு மாணவர் ஒப்புக்கொள்ளும்வரை திருத்தி எழுத வேண்டும். இந்த ஒப்புதல் இல்லாமல் விவாதத்தைத் தொடங்கினால் கூச்சல்தான் மிஞ்சும்.

மூன்றாவது, நேரில் கவனிப்பது. எல்லார் கண்ணும் வாடிவாசலில் இருக்கும். காளை அங்கே இருப்பது சில நொடிகள். அதன் நாளில் பெரும்பகுதி டெம்போவிலும் வரிசையிலும் கழிகிறது. வரிசையில் நிழல் உண்டா, தண்ணீர் காட்டினார்களா, வண்டியில் தரைக்கு வைக்கோலோ மணலோ போட்டிருந்ததா, மூக்கணாங்கயிறு இழுபட்டு மூக்கில் ரத்தம் உண்டா, வாலைத் திருகுகிறார்களா, கண்ணின் வெள்ளை தெரிகிறதா, சாணம் இளகிப் போகிறதா என்று குறியுங்கள். களத்தில் திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். வால், கொம்பு, கால் பிடிக்கக் கூடாது. அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். இப்படிக் கவனித்தவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றில் ஒத்துப்போவார்கள்: காத்திருக்கும் வரிசையைச் சரிசெய்யாமல் களத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினால் பாதி வேலைகூட முடியவில்லை.

ஆசிரியர் தன் நிலைப்பாட்டைச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் எல்லார் கட்டுரையும் கைக்கு வந்த பிறகு.

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுகிறோம். பிள்ளை வரமாட்டேன் என்றால்?

வர மறுக்கும் பிள்ளையைத் திட்டும் முன், அவர் எதை மறுக்கிறார் என்று கேளுங்கள். வலியையா, கொல்வதையா? இரண்டும் வேறு. வெளியில் மேய்ந்து வளர்ந்த கிடாவை ஒரே வீச்சில் வெட்டுவதையும், ஆறு வாரம் கொட்டகைக்குள்ளேயே வளர்ந்து லாரியில் போகும் பிராய்லர் கோழியையும் துன்பத்தின் அளவில் ஒப்பிட்டால் கிடாவின் வாழ்வு மேலாகவே தெரியும். சிங்கர் வழியில் போகிறவர் இதை எடைபோட வேண்டும். ரீகன் வழியில் போகிறவர், எப்படி வளர்த்தாலும் உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்பார். மாணவர் தான் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டால் வீட்டில் பேச்சு நிதானமாகும்.

கிடாவின் மேல் மஞ்சள்தண்ணி தெளித்து, அது துலுக்கினால்தான் வெட்டுவது என்ற வழக்கத்தை இந்தப் பாடம் படித்தவர் புதிதாகப் பார்ப்பார். நனைந்த ஆடு உடம்பை உதறும், அது அனிச்சைச் செயல். ஆனாலும் உத்தரவு கேட்காமல் வெட்டக் கூடாது என்று நம் முன்னோர் நினைத்தார்களே, அந்தத் தயக்கம் முக்கியமானது. அதைக் கேலி செய்யாமல் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

சட்டத்தில் நிலைமை இது: 1960 சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. கோயில்களில் பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழகத்தில் 2003-இல் கடுமையாக அமல்படுத்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2004-இல் நீக்கப்பட்டது. பிள்ளை பந்தியில் உட்காராமல் பொங்கல் வைக்க உதவினால், அதில் யாருக்கும் குறை வந்துவிடாது.

ஆய்வகத்தில் தவளை, எலி அறுக்கச் சொன்னால்?

இளநிலை விலங்கியலில் அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-இல் நிறுத்தச் சொன்னது. உங்கள் துறையில் இன்னும் நடந்தால் அந்தச் சுற்றறிக்கையோடு துறைத்தலைவரை அணுகலாம். தனியாகப் போகாமல் நான்கைந்து பேர் கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுங்கள். மாற்றாக மாதிரி உருவமோ மென்பொருளோ வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

மருந்தியல், உயிர்மருத்துவ ஆராய்ச்சியில் விலங்குப் பயன்பாடு தொடர்கிறது. அங்கே நிறுவன விலங்கு அறவியல் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் வகுத்த மூன்று விதிகள்தான் அளவுகோல்: மாற்று (விலங்கில்லாத வழி), குறைப்பு (குறைந்த எண்ணிக்கை), மென்மைப்படுத்தல் (குறைந்த வலி). இந்தியாவில் நான்காவதாக மறுவாழ்வும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சோதனை முடிந்த விலங்கை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கும் பதில் எழுத வேண்டும்.

இந்த ஒப்புதலுக்கான விண்ணப்பம் திரும்பி வரும் வழக்கமான காரணம் விலங்குகளின் எண்ணிக்கை. ‘சோதனைக் குழுவுக்கு ஆறு, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்’ என்பது காரணமல்ல. சிறு ஆய்வுகளுக்கு ஓர் எளிய சரிபார்ப்பு உண்டு: மொத்த விலங்குகளிலிருந்து சோதனைக் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10-க்கும் 20-க்கும் இடையில் வர வேண்டும். நான்கு குழு, குழுவுக்கு ஆறு: 24-இல் 4 போக 20. சரி. ஐந்து குழு, குழுவுக்கு எட்டு: 40-இல் 5 போக 35. தேவைக்கு மேல் விலங்குகள் சாகின்றன. பத்துக்குக் கீழே போனாலும் தவறுதான். முடிவு தெளிவாக வராது, அத்தனை விலங்குகளும் வீணாகப் போகும். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காமல் குழாய்க்குள் வரவைத்தோ உள்ளங்கையில் குவித்தோ எடுத்தால் அதன் பதற்றம் குறைகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. செலவு ஒரு பிளாஸ்டிக் குழாய்.

தெருநாய்கள் விஷயத்தில் பாடம் எந்தப் பக்கம்?

கடிபட்ட குழந்தையின் பக்கமும் நாயின் பக்கமும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நினைப்பைத்தான் பாடம் உடைக்கிறது. 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை, பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடுவது. 2025-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களைப் பொறுத்து இதை மாற்றியிருப்பதால், களப்பணிக்கு முன் அந்த மாத நிலவரத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கே சொதப்புகிறது? ஒரு தெருவில் பாதி நாய்களுக்குக் கருத்தடை செய்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதில். மீதிப் பாதி ஓரிரு ஈற்றில் எண்ணிக்கையை நிரப்பிவிடும். வெறிநோய்ச் சங்கிலி அறுபடத் தடுப்பூசி 70 சதவீத நாய்களையாவது எட்ட வேண்டும். கறிக்கடைக் கழிவும் புரோட்டாக்கடை எலும்பும் தெருமுனையில் கொட்டப்படும்வரை நாய்கள் அங்கே கூடத்தான் செய்யும். எனவே நல்ல களப்பணி அறிக்கையில் நாய்களோடு குப்பைத் தொட்டிகளும் வரைபடத்தில் இருக்கும்.

களத்தில் கடிபட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் என்று முடிக்க வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கூடுதலாக இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் பொருள்) தேவைப்படும். இரண்டு ஊசியோடு நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். அதுவும் தவறா?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம். மீனாட்சியின் கையில் கிளி இருப்பதும் கிளி ஜோசியம் பழக்கமாக இருப்பதும் அதை மாற்றாது. ஆனால் பாடம் படித்த வேகத்தில் மொட்டைமாடியில் திறந்துவிடாதீர்கள். சிறகு வெட்டப்பட்ட, இரை தேடத் தெரியாத கிளியை அன்றைக்கே காக்கையோ பூனையோ முடித்துவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

காட்டுயிர்களுக்கும் இதே நியாயமா?

இங்கே பாடம் சிக்கலாகும். அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குன்றுகளில் வல்லூறுகளும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழ்கின்றன. டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊர் மக்கள் போராடியபோது காத்தது ஒரு தனி விலங்கை அல்ல, வாழிடத்தை. தனி உயிரின் துன்பத்தைப் பார்க்கும் கண்ணும் இனம், வாழிடம் என்று பார்க்கும் கண்ணும் எப்போதும் ஒரே பதிலைத் தருவதில்லை. வல்லூறு புறாவைக் கிழித்துத் தின்றுதான் வாழும்.

அழகர்கோயில் மலையில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுகிறவர் நல்ல மனசோடுதான் நீட்டுகிறார். பையைப் பறிக்கக் கற்ற குரங்கைப் பிறகு கூண்டுவைத்துப் பிடித்து வேறு காட்டில் விடும்போது, அதற்குத் தெரியாத நிலத்தில், தெரியாத கூட்டத்தின் நடுவில் அது மாட்டிக்கொள்கிறது. கொடுக்காமல் கடந்து போவதே அங்கே அன்பு.

படித்த பிறகு பிள்ளை யாரோடும் ஒட்டாமல் போகிறாரே?

இது உண்மையிலேயே நடக்கிறது, கவனிக்க வேண்டியது. சில மாதங்கள் கோபம், தூக்கமின்மை, சாப்பாட்டு மேசையில் சண்டை. பெரும்பாலும் காரணம் கொலைக்கூடக் காணொளிகளை இரவில் தனியாக வரிசையாகப் பார்ப்பதுதான். அவற்றை வகுப்பில் முதலில் காட்டுவதும் தவறு. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், மீதிப் பேருக்கு மரத்துப்போகும். காட்டியே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லி, வெளியே போக விரும்புகிறவரை விட்டு, ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, உடனே பேச வேண்டும்.

விலங்கை நம்பிப் பிழைக்கிறவர்கள் மேல் வெறுப்பு வருவது இன்னும் பெரிய கேடு. கிடைமாடு ஓட்டும் கீதாரி, கறிக்கடையில் வேலைபார்க்கும் பையன், யானைப்பாகன் எல்லாரும் தங்கள் விலங்கைப் பற்றி நூலில் இல்லாததை அறிந்தவர்கள். மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதியின் கண்புரைக்கு 2022-இல் தாய்லாந்து மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். ஆனால் யானையின் நகம் வெடித்திருப்பதையும், கான்கிரீட் தரையில் அது எந்தக் காலை மாற்றி ஊன்றுகிறது என்பதையும் தினமும் பார்ப்பவர் பாகன். அவரிடம் கேட்காமல் எழுதும் கட்டுரை அரைக் கட்டுரை. விலங்கையும் அதை வளர்க்கிறவரையும் ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்தவரைத்தான் நன்றாகப் படித்தவர் என்று நாங்கள் சொல்வோம்.

கொடுமையைக் கண்டால் மாணவர் என்ன செய்யலாம்?

காயம்பட்ட விலங்கு என்றால் முதலில் 1962-க்கு அழையுங்கள். அது கால்நடை ஆம்புலன்ஸ் எண். மாட்டையோ நாயையோ நீங்களே தூக்கப் பார்க்காதீர்கள், வலியில் இருக்கும் விலங்கு கடிக்கும், முட்டும். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் இடம், நேரம், விலங்கின் அடையாளம், கண்ணால் கண்டது ஆகியவை மட்டும் இருக்கட்டும். ‘அரக்கத்தனமாக’ போன்ற சொற்கள் புகாரைப் பலவீனப்படுத்தும். 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். அதனால் விலங்கு கொல்லப்பட்டிருந்தாலோ ஊனமாக்கப்பட்டிருந்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதில் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. படம் எடுத்திருந்தால் முதலில் இணையத்தில் போடாமல், அசல் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நகலைப் புகாரோடு கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.